ஆள் படுத்தால் எழாத சீட்

காலியாக இருக்கும்போது சீட் எழுந்தது. ஆள் படுத்திருந்தால் எழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு வாசலில், நிர்மலா காரின் இடது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டின் பக்கவாட்டிலிருந்த பொத்தானை அழுத்தியபடியே நின்றாள். அடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு நெஞ்சில் சளி கட்டியவர் மூச்சு இழுப்பதைப் போல ஒரு முனகல். முதுகுச் சாய்வு ஒரு விரற்கடை உயர்ந்து நின்றுவிட்டது. அவள் கணவன் பிரேம்குமார் அதில் மல்லாந்து கிடந்தபடி கார்க் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவ அமுக்கு."

"அமுக்கிட்டேதாங்க இருக்கேன்."

"பஸ்ஸுன்னா எறங்கித் தள்ளலாம். சீட்ட எப்படித் தள்றது?" என்றான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு இருபத்திரண்டு வருடம் கம்பெனி பஸ் ஓட்டியவன் அவன்.

கடைசியில் ஊழியர்கள் மூன்று பேர் வந்து அவனைத் தூக்கினார்கள். ஒருவர் தோள், ஒருவர் இடுப்பு, ஒருவர் கால். அப்போது அவனிடமிருந்து வந்த சத்தத்தில், உள்ளே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போன பிறகு நிர்மலா ஆத்திரத்தில் பொத்தானை மறுபடி அழுத்தினாள். காலி சீட் ஒன்றும் தெரியாதது போல நிமிர்ந்து நின்றது.

பிரேம்குமாருக்குச் சிறுநீரகத்தில் தொடங்கிய கட்டி முதுகெலும்புக்கு வந்து, உள்ளே ஓடும் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. பத்து நாள் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் எதையும் ஒளிக்கவில்லை. "இது ஒங்களக் குணப்படுத்தாது. காலக் காப்பாத்தும். சனி, ஞாயிறு தவிர நடுவுல ஒரு நாளும் விடக் கூடாது. கால் போனா திரும்பி வராது." எத்தனை மாதம் என்று பிரேம்குமார் கேட்கவில்லை. இருக்கிற வரைக்கும் தன் காலில் நடந்து கக்கூசுக்குப் போய் வர வேண்டும், அது போதும் என்றான். அந்த வெள்ளிக்கிழமையோடு ஆறு நாள் முடிந்தது. திங்கள் முதல் வியாழன் வரை இன்னும் நான்கு இருந்தன. வார்டில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, அடுத்த வாரக் கடைசி வரை படுக்கை இல்லை என்றார்கள்.

ஆம்புலன்ஸ் ஆகாது. ஐந்து வாரத்துக்கு முன் முதல் ஸ்கேனுக்கு அதில்தான் போனார்கள். அது வேன். அதன் பின்பக்க ஸ்பிரிங் பாரம் சுமக்கச் செய்தது. நிறையப் பாரம் ஏற்றினால் வளைந்து கொடுக்கும். ஒரு ஆளை மட்டும் படுக்க வைத்தால் வளையாது, குதிக்கும். வீராம்பட்டினத்திலிருந்து கிளம்பி அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டுவதற்குள் பிரேம்குமார் நினைவிழந்துவிட்டான். அதன் பிறகுதான் அவர்கள் தெருவில் இருந்த சொல்தா தன் காரைக் கொடுத்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் தன் மகனோடு இருக்கப் பிரான்சுக்குப் போகவிருந்தார்; பதினெட்டு வயதான அந்தப் பெரிய கார் சும்மாதான் நிற்கப் போகிறது என்றார்.

அந்தக் காரில் பிரேம்குமாருக்கு உதவியது எஞ்சின் அல்ல. இடது முன் சீட்தான். சாதாரணக் காரில் சீட்டின் சாய்வை மாற்ற ஒரு நெம்புகோல் இருக்கும். அதை இழுத்ததும் உள்ளே பல் விலகி, ஸ்பிரிங் முதுகை ஒரே உதையாக முன்னால் தள்ளும். நல்ல முதுகுக்கு அது ஒரு பொருட்டல்ல. இந்தக் காரின் சீட்டில் மோட்டார் இருந்தது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் வேகமாகச் சுற்றும். அதன் முனையில் இருக்கும் பல்சக்கரங்கள் அந்த வேகத்தை எல்லாம் வலுவாக மாற்றிவிடும். அதனால் சாய்வு கடிகார முள் போல நகரும். உதறல் இல்லை. கிட்டத்தட்டப் படுக்கை போல் தாழ்த்தி வைத்தால், பிரேம்குமார் இடுப்பை மடக்காமல் அதில் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவான். இறங்கும்போது சீட் கொஞ்சம் கொஞ்சமாக அவனை நிமிர்த்தும். பாதம் தரையைத் தொட்டதும் எழுந்து நின்றுவிடுவான். ஐந்து வாரமாக யாரும் அவனைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வலிக்கு ஊசி போட்டு, அரை மயக்கத்தில் அவனைத் தூக்கித்தான் வீட்டில் இறக்கினார்கள். சனிக்கிழமை காலை நிர்மலா காரை ரெட்டியார்பாளையத்துக்கு ஓட்டிப் போனாள். விழுப்புரம் சாலையில் ஜாகிரின் கடை. கார் வயரிங் மட்டும் பார்ப்பவன், எஞ்சினைத் தொடமாட்டான். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள்.

பொத்தானை அழுத்திப் பார்த்தான். சீட் எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது.

"நல்லாத்தான போவுதுக்கா?"

"ஆளு படுத்தா போவலப்பா."

"அப்ப நானே படுக்குறேன்."

படுத்து அழுத்தினான். மெதுவாகத்தான் என்றாலும் எழுந்தது. பிரேம்குமார் நோயில் இளைத்தும் எழுபத்தெட்டுக் கிலோ. ஜாகிர் ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கமாட்டான்.

அவன் முறையாகவே பார்த்தான். ஃபியூஸ் சரியாக இருந்தது. சீட்டுக்கு அடியில் மோட்டாருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு முனையை அதில் வைத்து, கறுப்பு முனையைக் கதவோரம் இருந்த ஒரு நல்ல போல்ட்டில் கவ்வ வைத்தான். பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட். பேட்டரியில் என்ன இருந்ததோ அது முழுசாக மோட்டார் வாசல் வரை வந்து நின்றது.

"கரண்ட் ஃபுல்லா வருது. அப்பறம் மோட்டார்தான் வீக்கு" என்றான். அதே மாதிரிக் கார் ஒன்று உடைக்கப்பட்டு ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது. அதிலிருந்து மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினான். மாலை நாலு மணிக்குக் கார் வீடு திரும்பியது.

"ஒரு வாட்டி படுத்துப் பாத்துடறேன்" என்றான் பிரேம்குமார். "திங்கக்கெழம அங்க போயி மாட்டிக்கறதுக்கு இங்கியே மாட்டிக்கலாம்."

மாட்டிக்கொண்டான். டக், முனகல், ஒரு விரற்கடை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆட்கள் இருவரும் நிர்மலாவும் அவனுக்கு அடியில் ஒரு போர்வையை நுழைத்து, நாலு முனையையும் பிடித்து, அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்தார்கள். இருபது நிமிடம் ஆயிற்று. கட்டிலுக்குப் போன பிறகு அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அம்மா அன்னக்கிளி கொண்டுவந்த கஞ்சி ஆறிப்போயிற்று. இடது காலின் கட்டைவிரலை அசைக்கச் சொன்னாள் நிர்மலா. அசைந்தது. ஒவ்வொரு மணிக்கும் அவள் அதைத்தான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜாகிர் தன் சாமான் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டான். கார் வீட்டு ஜன்னலுக்கு நேரே நின்றது. உள்ளே கட்டிலில் இருந்த பிரேம்குமார் குரல் கொடுத்தான்.

"பாய், மோட்டார மாத்திட்டீங்க. அடுத்து ஆள மாத்திடலாமா?"

"ஏன் சார் இப்பிடிச் சொல்றீங்க? என் கடையில ஓடிச்சு சார். சத்தியமா ஓடிச்சு."

"எனுக்கும் டிப்போல ஓடுற பஸ்ஸு நெறைய தெரியும்."

ஜாகிர் சிரிக்கவில்லை. மறுபடியும் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தான். பன்னிரண்டு புள்ளி ஆறு. தலையைச் சொறிந்துகொண்டு அந்த எண்ணையே பார்த்தான். புது மோட்டார், முழு வோல்ட்டு, நல்ல ஃபியூஸ். தப்பு எதிலும் இல்லை, ஆனால் வேலை நடக்கவில்லை.

நிர்மலா பக்கத்தில் குந்தியிருந்தாள். "தம்பி, இப்ப அளக்கறப்ப மோட்டார் ஓடுதா?"

"இல்லக்கா. கழட்டிட்டுத்தான அளக்கறது."

"நேத்து?"

"நேத்தும் அப்பிடித்தான்."

அவள் ஜன்னல் பக்கம் தலையைக் காட்டினாள். "டாக்டரு இவர மொத மொத பாத்தப்ப, படுக்க வச்சு காலத் தூக்கச் சொன்னாரு. தூக்குனாரு. எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டாரு. நிக்க வச்சதும்தான் முட்டி மடிஞ்சிச்சு. கால் மேல ஒடம்பு எறங்குனாத்தான் அதுல வலு இருக்கா இல்லையான்னு தெரியும்னு அப்பறந்தான் சொன்னாரு."

ஜாகிர் மீட்டரைக் கீழே வைத்தான்.

அவள் சொன்னது சரிதான். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழே குழாய்க்குத் தண்ணீர் வருகிறது. நடுவில் பாசி அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயை மூடியே வைத்திருந்தால் அடைப்பு இருப்பதே தெரியாது. தண்ணீர் ஊசித்துளை வழியாகவும் கசிந்து வந்து குழாய் வாயில் முழு அழுத்தத்தோடு நிற்கும். திறந்து விட்டால்தான் நூலாக வடிவது தெரியும். மின்சாரமும் அப்படித்தான். ஓடாமல் நிற்கும்போது அளந்தால் எவ்வளவு மோசமான வழியும் நல்ல வழி போலத் தெரியும். ஓடும்போது அளக்க வேண்டும். அதுவும் நிறைய ஓடும்போது. காலி சீட்டைத் தூக்க மோட்டாருக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். எழுபத்தெட்டுக் கிலோவைத் தூக்க அதைப் போல மூன்று மடங்கு வேண்டும்.

"பாரம் வேணும்க்கா. சார வேணாம். அவர ஏத்த வேணாம்."

நிர்மலா உள்ளே போய் இருபத்தாறு கிலோ அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். பிரிக்காத மூட்டை. சீட்டைத் தாழ்த்தி, அதில் கணவன் படுப்பது போலவே பின்பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். ஜாகிர் மூட்டையைத் தூக்கி அவள் நெஞ்சின் மேல் வைத்தான். அவளும் மூட்டையும் சேர்ந்தால் ஏறக்குறைய பிரேம்குமாரின் எடை. மூச்சு முட்டியது. தலைக்கு மேலே கூரைத் துணி பழுப்பேறி, ஓர் ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வாரமாக அவன் இதைத்தான் பார்த்துக்கொண்டு போய் வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

"அமுக்குங்க."

டக். முதுகுக்குக் கீழே சீட் ஒருமுறை நடுங்கி நின்றது. தூக்கப் போகிற கை பாதியில் சோர்வது போல இருந்தது.

"விடாதீங்கக்கா, அமுக்கிக்கினே இருங்க." ஜாகிர் காருக்கு வெளியே மண்டியிட்டுச் சீட்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தான். முதலில் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு வரும் வழியை அளந்தான். இரண்டு முனைக்கும் நடுவே புள்ளி மூன்று வோல்ட்தான் தொலைந்துகொண்டிருந்தது. பதினெட்டு வயதுக் காருக்கு அது நல்ல கணக்கு. அடுத்தது, மோட்டாரிலிருந்து திரும்பிப் போகும் வழி.

இந்தத் திரும்பும் வழியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் போனால் மட்டும் போதாது. பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். வீட்டில் அதற்கு இரண்டாவது கம்பி இருக்கிறது. காரில் அவ்வளவு நீளத்துக்கு இரண்டாவது கம்பி இழுப்பதில்லை. காரின் இரும்பு உடம்பே அந்த இரண்டாவது கம்பி. சீட்டிலிருந்து ஒரு சிறிய கறுப்புக் கம்பி இறங்கி, கீழே தரைத் தகட்டில் ஒரு போல்ட்டில் இறுகக் கட்டப்பட்டிருக்கும். அதை எர்த் என்பார்கள். போன மின்சாரம் முழுவதும் அந்த ஒரு போல்ட் வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். ஜாகிர் சனிக்கிழமை அளந்தபோது மீட்டரின் கறுப்பு முனையைக் கதவோர போல்ட்டில் கவ்வ வைத்தானே, அப்போதே அந்தக் கறுப்புக் கம்பியைச் சோதிக்காமல் தாண்டிப் போய்விட்டான்.

இப்போது மீட்டரின் ஒரு முனையை மோட்டார்ப் பக்கம் கறுப்புக் கம்பியிலும், மறு முனையைக் காரின் உடம்பிலும் வைத்தான். இரண்டும் ஒரே வழியின் இரு முனைகள். நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. மீட்டர் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்ட வேண்டும்.

"அஞ்சு புள்ளி ஒண்ணு" என்றான் ஜாகிர். குரல் மாறியிருந்தது. "அக்கா! அஞ்சு வோல்ட்டு தின்னுட்டு ஒக்காந்திருக்குதுக்கா. மோட்டாருக்கு மிச்சம் ஏழுதான். ஏழ வச்சிக்கினு அது என்னாத்தத் தூக்கும்?"

"மூட்டைய எடுப்பா மொதல்ல."

ஜன்னலிலிருந்து பிரேம்குமார் கேட்டான்: "கெடச்சிடுச்சா?"

"கெடச்சிடுச்சு சார்! மோட்டார் மேல பழி போட்டுட்டேன். பாவம், அது நல்லவன்."

நாலு போல்ட்டைக் கழற்றிச் சீட்டைப் பின்பக்கம் சாய்த்தான். தரைவிரிப்பில், கம்பிக் கற்றை கீழே இறங்குவதற்காகக் கையளவு ஒரு கீறல் விட்டிருந்தார்கள். அதற்குள் விரலை விட்டவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். விரல் நனைந்திருந்தது. மறுபடி விட்டு எதையோ வெளியே எடுத்தான். வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு முடிச்சு. எலுமிச்சம்பழ அளவு, அதன் மேல் மஞ்சள் தடவிய பெருவிரல் அடையாளம். ஊறிப்போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. விரிப்பைத் தூக்கினான். கீழே தகட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் நடுவில் அந்த எர்த் போல்ட். போல்ட் என்று சொல்ல முடியாது. பச்சையும் வெள்ளையும் பழுப்புமாகப் பூத்து, காளான் போல ஒரு மொத்தை. கறுப்புக் கம்பியின் முனையைத் தொட்டதும் பிசுபிசுவென்று உதிர்ந்தது.

தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தான். "உப்பு. கார கடல்ல எறக்கி ஓட்டுனீங்களாக்கா?"

"அத ஏன் வெளிய எடுத்த தம்பி?"

வாசலில் அன்னக்கிளி நின்றிருந்தாள். எழுபது வயது. பாகூர்ப் பக்கம் நிலத்தில் உழைத்த உடம்பு. மகனுக்கு முடியவில்லை என்றதும் வந்து ஐந்து வாரமாக இங்கேயே இருக்கிறாள்.

"என்னா அத்த இது?" என்றாள் நிர்மலா.

"கல்லுப்பு. அவனுக்குச் சுத்திட்டு அவன் படுக்குற எடத்துக்குக் கீழ வச்சேன். ஒங்கிட்டச் சொன்னா எடுத்துப் போட்டுடுவ. வெள்ளிக்கு வெள்ளி மாத்துறேன்." அருகில் வந்து முடிச்சைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் போல ஒன்று தெரிந்தது. "பாரு, முந்தா நாள்தான் வச்சேன். அதுக்குள்ள பாதி கரைஞ்சிடுச்சு. மொத வாரம் சும்மா கசிஞ்சிதான் இருந்துச்சு. வாரத்துக்கு வாரம் ஜாஸ்தியா கரையுது. அவன் நோவ அது இழுத்துக்குது. இதோட ஆறு முடிச்சு."

நிர்மலா ஜாகிரைப் பார்த்துக் கையால் சைகை காட்டினாள். அவன் பார்க்கவில்லை. இரண்டு நாளாகத் தன்னை முட்டாளாக்கிய ஒன்றுக்குக் காரணம் தெரிந்துவிட்ட ஆள் அவன். அதைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை.

"அது காத்துல இருக்கற ஈரம்மா! கல்லுப்புக்கு ஈரத்த இழுக்கற கொணம். இப்ப மழ ஆரம்பிச்சிடுச்சு பாருங்க, காத்துல ஈரம் ஜாஸ்தி, அதான் வாரா வாரம் ஜாஸ்தியா கரையுது. கடலோரம் வேற. அந்தத் தண்ணி எறங்கி இந்த போல்ட்டத் தின்னுடுச்சு. ஒங்க அடுப்பாங்கரையில உப்பு ஜாடி இருக்கும்ல? அதுலகூட இப்ப தண்ணி நிக்கும் பாருங்க, அதே..."

நிறுத்திவிட்டான். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

தெருவில் மீன்காரியின் வண்டி மணி அடித்துக்கொண்டே போயிற்று.

"நிக்குது" என்றாள் அன்னக்கிளி. "மூடியத் தொறந்தா தண்ணி நிக்குது." முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அந்த ஜாடி யார் நோவ இழுக்குது?"

ஜாகிர் முடிச்சை அவளிடம் நீட்டினான்.

"அம்மா" என்று ஜன்னலிலிருந்து பிரேம்குமார் கூப்பிட்டான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. "அது பதினெட்டு வருஷக் காரும்மா. அந்த போல்ட்டு ஏற்கெனவே துருப்புடிச்சிதான் இருந்திருக்கும். உப்பு வைக்கலன்னாலும் போயிருக்கும். கேட்டுப் பாரு பாயை."

"ஆமாம்மா, ஆமா. பழைய துருதான் பாதி" என்றான் ஜாகிர் அவசரமாக. அது உண்மையும்தான்.

அன்னக்கிளி முடிச்சை வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். விரல் இடுக்குகளில் தண்ணீர் இறங்கியது. "நேத்து அவன் கத்துனானே" என்றாள். "வெள்ளிக்கெழமயும் கத்துனான்னு சொன்ன இல்ல நிர்மலா?"

"அத்த, உள்ள போங்க. வெயில்ல நிக்காதீங்க."

அவள் உள்ளே போனாள். நிர்மலாவுக்கு அவள் பின்னால் போக வேண்டும் போலிருந்தது. போகவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். "இத எப்படிச் சரி பண்றது, சொல்லு" என்றாள்.

ஜாகிர் தாழ்ந்த குரலில் சொன்னான். பழைய போல்ட்டைச் சுரண்டிப் பிரயோசனம் இல்லை. மரை வரைக்கும் அரித்துவிட்டது. கதவின் கீழ்ச் சட்டத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் அங்கே வேறொரு எர்த் போல்ட் இருக்கிறது, உயரத்தில், உலர்ந்த இடத்தில். அங்கே புதுக் கம்பி இழுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் இந்தத் தரையில் ஊறியிருக்கிற உப்பு முழுதும் போக வேண்டும். துணியால் துடைத்தால் ஈரம் போகும், உப்பு தங்கிவிடும். அடுத்த மழைக்கு அது மறுபடி ஈரத்தை இழுத்து மற்ற கம்பிகளையும் தின்னும். நல்ல தண்ணீர் விட்டுக் கரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அன்னக்கிளி ஒரு வாளி நிறைய நல்ல தண்ணீரும் தேங்காய் நார்க் கொத்துமாக வந்து நின்றாள். புடவையைச் செருகியிருந்தாள்.

"தள்ளுப்பா."

"நான் பண்றேம்மா, நீங்க..."

"வச்சது நானு."

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஜாகிர் விலகிக்கொண்டான். அன்னக்கிளி காருக்குள் மண்டியிட்டுத் தகட்டைத் தேய்த்தாள். ஜாகிர் தரையில் இருந்த ரப்பர் அடைப்பானைப் பிடுங்கிவிட்டான்; அழுக்குத் தண்ணீர் அந்த ஓட்டை வழியே கீழே மண்ணில் கொட்டியது. இரண்டாவது வாளி. மூன்றாவது வாளி. ஒவ்வொன்றுக்குப் பிறகும் தகட்டில் மிஞ்சிய ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் கரிக்குது."

நாலாவது வாளிக்குப் பிறகும் அதையே சொன்னாள். ஐந்தாவதற்குப் பிறகு கரிப்பு இல்லை. எழுந்து, நனைந்த முழங்காலோடு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அவள் அழுகிறாளா என்று பார்க்க நிர்மலா எட்டிப் பார்த்தாள். அன்னக்கிளி வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, நார்க் கொத்தை ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

விரிப்பைக் கழற்றி மதிலில் காயப் போட்டார்கள். தகட்டில் வெயில் விழும்படி காரைத் திருப்பித் தள்ளி நிறுத்தினார்கள். பிறகு ஜாகிர் கம்பி வேலையைத் தொடங்கினான். பென்சில் தடிமனுக்குப் புதுக் கம்பி ஒன்றரை அடி. இரண்டு முனையிலும் செம்பு வளையத்தை நசுக்கிப் பொருத்தினான். கீழ்ச் சட்டத்துப் போல்ட்டைச் சுற்றியிருந்த பெயின்டைச் சுரண்டினான். இரும்பு கண்ணாடி போல மின்னும் வரை விடவில்லை; பெயின்ட் மின்சாரத்தை விடாது, துருவும் விடாது, வெறும் இரும்புதான் விடும். வளையத்தை வைத்து முழு பலத்தோடு முடுக்கினான். முடுக்கிய பிறகு மேலே கிரீஸை அப்பினான். "முன்னாடி தடவக் கூடாதுக்கா. இரும்பும் செம்பும் ஒட்டணும். ஒட்டுனதுக்கப்பறம் காத்து உள்ள போவாம மூடி போடற மாதிரி."

சீட்டைத் திரும்பப் பூட்டியதும் நிர்மலா மறுபடியும் படுத்தாள். அரிசி மூட்டை ஏறியது. பொத்தானை அழுத்தினாள். முனகல் இல்லை. ஒரே சீரான ரீங்காரம். தொங்கும் கூரைத் துணி அவள் கண்ணிலிருந்து விலகி, முன்கண்ணாடி வந்து, தெரு வந்தது. மூட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"புள்ளி ஒண்ணு" என்றான் ஜாகிர் அடியிலிருந்து. "அஞ்சு புள்ளி ஒண்ணா இருந்தது, இப்ப புள்ளி ஒண்ணு."

பிரேம்குமார் அதை நம்ப மறுத்தான். "நானும் ஒரு தடவ பாத்துடறேன்" என்றான் ஜன்னலிலிருந்து. வேண்டாம் என்றாள் நிர்மலா. நேற்றைய இருபது நிமிடம் அவள் கையிலேயே இருந்தது. "நாளைக்கு வாசல்ல தெரிஞ்சிக்கறதவிட இன்னிக்கே தெரியட்டும்" என்று அவன் எழுந்துவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, தானே நடந்து வந்தான். அன்னக்கிளி கிணற்றடியிலிருந்து அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கமாகச் சாய்ந்து படுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். பொத்தானை அவனே அழுத்தினான்.

சீட் எழுந்தது. பாதம் தரையைத் தொட்டது. அவன் எழுந்து நின்றான். நின்றுகொண்டே, "அம்மா, கஞ்சி இருக்குதா?" என்றான். அன்னக்கிளி கஞ்சியைச் சூடாக்க உள்ளே போனாள்.

திங்களன்று ஏழாவது நாள் நடந்தது. வியாழனன்று பத்தாவது நாள் முடிந்தது. வாசலில் யாரும் அவனைத் தூக்கவில்லை. முதுகில் கட்டி இருந்தது. அது இனியும் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கால் இருந்தது.

சீட்டில் கெட்டுப்போனது மோட்டார் அல்ல, தரையில் இருந்த எர்த் போல்ட். பழைய போல்ட்டைக் கைவிட்டு, தடித்த புதுக் கம்பியைப் பெயின்ட் சுரண்டிய உலர்ந்த இரும்பில் முடுக்கி, அதன் மேல் கிரீஸ் அப்பி, தரையில் இருந்த உப்பை நல்ல தண்ணீரால் கரிப்பு போகும் வரை கழுவி, கடைசியாக ஆளைப் படுக்க வைத்து அளந்தபோது சீட் வேலை செய்தது.